மூக்குச் சக்கரம் ஏன் நடுங்குகிறது?

ஜூன் பிறந்து மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் ஈக்காட்டுத்தாங்கல் பிள்ளைகளுக்கு ஒரு வசதி. விமானம் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும். காற்று மேற்கிலிருந்து வந்தால், விமானம் கடல் பக்கமிருந்து வந்து, கிண்டிப் பக்கமாகத் தாழ்ந்து, மீனம்பாக்கம் ஓடுபாதைக்குப் போகும். மொட்டை மாடியில் தெற்கே பார்த்து நின்றால், அது வயிற்றுக்குக் கீழே சக்கரங்களை நீட்டிக்கொண்டு போவது நன்றாகத் தெரியும். துணி காயப்போட வந்த அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டலாம். ஆனால் அவர் இதை ஆயிரம் தடவை பார்த்துச் சலித்திருப்பார்.

மூன்று இடத்தில் சக்கரம் இருக்கும். இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் பெரியவை, மூக்குக்குக் கீழே சின்னது. இன்றைக்கு அந்தச் சின்னதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். விமானத்தின் கால்களில் நோஞ்சான் அதுதான். மெக்கானிக்கை அதிகம் படுத்துவதும் அதுதான்.

நோஞ்சான் என்று ஏன் சொல்கிறேன்? வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது அழைத்துக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோவில் ஏறுங்கள். அடுத்த நிலையம் ஆலந்தூர், அதற்கடுத்தது பரங்கிமலை. மலையில் தேவாலயம் இருக்கும் உச்சிக்குப் போனால் விமான நிலையம் கீழே விரிந்து கிடக்கும். இறங்கும் விமானம் ஒன்றை விடாமல் பாருங்கள். முதலில் பின்னால் இருக்கும் பெரிய சக்கரங்கள் தரையைத் தொடும். லேசாகப் புகை கிளம்பும். மூக்கு இன்னும் மேலேயே இருக்கும். சில விநாடி கழித்து, வேகம் கொஞ்சம் குறைந்த பிறகு, மூக்கு மெல்ல இறங்கும். எந்த விமானியும் மூக்குச் சக்கரத்தை முதலில் தரையில் வைக்க மாட்டார். இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவது பெரிய கால்களின் வேலை. மூக்குக்கால் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

பெரிய விமானங்களை விட்டுவிடுவோம். அவற்றைக் கவனிக்க ஒரு பட்டாளமே இருக்கிறது. இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரும் சின்ன விமானத்துக்கு வருவோம். சென்னையில் சின்ன விமானம் புதுசு இல்லை. மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கியது 1930இல். அதற்கும் முன்னால், 1910இல், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியில் விமானம் ஒன்றைச் செய்ய வைத்து இதே ஊரில் பறந்து காட்டியிருக்கிறார்.

1932 அக்டோபரில் டாடா கம்பெனியின் முதல் தபால் விமானம் மெட்ராஸ் வந்தது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டினார். அங்கிருந்து மெட்ராஸ் வரை ஓட்டியவர் நெவில் வின்சென்ட். அந்த ‘புஸ் மாத்’ விமானத்தின் படம் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். மூக்குச் சக்கரமே கிடையாது! முன்னால் இரண்டு சக்கரம், வால் நுனியில் தரையில் உரசிக்கொண்டு போகும் ஒரு சின்னக் கட்டை, அவ்வளவுதான். அதனால் தரையில் நிற்கும்போது அது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். விமானிக்கு முன்னால் இருக்கும் பாதை சரியாகத் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. விமானத்தின் எடை மையம், சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். தரையில் ஓடும்போது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிவிட்டால், பின்னால் இருக்கும் எடை முன்னே வரப் பார்க்கும். விமானம் சுற்றிக்கொண்டு திரும்பிவிடும்.

மூக்கில் சக்கரம் வைத்து, பெரிய சக்கரங்களைக் கொஞ்சம் பின்னே தள்ளினால் இந்தக் கதை தலைகீழாகிவிடும். எடை மையம் இப்போது பெரிய சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிடுகிறது. பக்கவாட்டில் திரும்பினாலும் விமானம் தானாகவே நேராகப் பார்க்கும். அமெரிக்காவின் செஸ்னா கம்பெனி, வால் சக்கரம் வைத்த 170 என்ற மாடலை மாற்றி, மூக்குச் சக்கரம் வைத்த 172ஐ 1955இல் பறக்கவிட்டது. இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் வேறு எதுவும் இல்லை. நம் நாட்டிலும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் விமானம். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் உருவாகி 1993இல் முதலில் பறந்த ‘ஹன்சா’ பயிற்சி விமானத்துக்கும் மூக்கில்தான் சக்கரம்.

சரி, அந்த மூக்குக்காலுக்குள் என்ன இருக்கிறது? கழற்றிப் பார்க்க நமக்கு விமானம் கிடைக்காது. மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

சிரிஞ்சில் வெறும் காற்றை இழுத்து, வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். உள்ளே போகும். விட்டதும் திரும்பி வந்துவிடும். காற்று ஸ்பிரிங் வேலை செய்கிறது. இப்போது காற்றை வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி, வாயைத் திறந்துவிட்டு மெதுவாக அழுத்துங்கள். சுலபமாகப் போகும். வேகமாக அழுத்திப் பாருங்கள், கை வலிக்கும். சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் அவசரமாக ஓட மறுக்கிறது. மெதுவான அசைவை விட்டுவிட்டு, வேகமான அசைவை மட்டும் அது தடுக்கிறது. இதற்குப் பெயர் டாம்பிங்.

இந்த இரண்டும் மூக்குக்காலில் இருக்கின்றன. காலில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். உள்ளே கீழ்ப்பாதியில் ஆயில், மேல்பாதியில் அழுத்தி அடைத்த நைட்ரஜன். காற்றில் ஈரம் இருக்கும், உள்ளே துருப்பிடிக்க வைக்கும். அதனால்தான் நைட்ரஜன். விமானம் குலுங்கினால் நைட்ரஜன் ஸ்பிரிங் ஆகிறது. ஆயில் சின்ன ஓட்டை வழியாகப் போய்க் குலுக்கலை அடக்குகிறது. உங்கள் வீட்டு பைக்கின் முன் ஃபோர்க்கிலும் ஸ்பிரிங்கும் ஆயிலும் சேர்ந்துதான் இந்த வேலையைப் பார்க்கின்றன. ‘ஃபோர்க் ஆயில் சீல் போயிடுச்சு சார்’ என்று தெருமுனை மெக்கானிக் அப்பாவிடம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விமான மெக்கானிக்கின் முதல் புகாரும் அதேதான்.

உள்குழாயின் பளபளப்பான பகுதி வெளியே தெரியும். அதில் கொஞ்சம் தூசி ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் உள்ளே போகும்போது தூசியும் கூடவே போகும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை அது கீறிவிடும். பிறகு ஆயில் கசியும், நைட்ரஜனும் போய்விடும். காலையில் வந்து பார்த்தால் விமானம் மூக்கைத் தொங்கப்போட்டு நிற்கும். அந்த ஆயிலில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். குழாயில் சிவப்பாக ஈரம் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று புரிந்துகொள்ளலாம். எனவே நல்ல விமானி பறப்பதற்கு முன்னால் அந்தப் பளபளப்பைச் சுத்தமான துணியால் துடைத்துவிடுவார். கடல் காற்றும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்த நம்ம ஊரில் துடைக்கும் துணியின் மதிப்பே தனி.

மூக்கு தொங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். செஸ்னாவின் புரொப்பல்லர் மூக்கில்தான் சுற்றுகிறது. கால் இறங்கிவிட்டால் புரொப்பல்லர் நுனிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துவிடும். ஒரு பள்ளத்தில் இறங்கினாலும் தரையில் இடிக்கலாம். ‘லேசாத்தான் பட்டுச்சு’ என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஓடிக்கொண்டிருந்த புரொப்பல்லர் எதிலாவது இடித்துவிட்டால், இன்ஜினையே பிரித்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் விதி இருக்கிறது. சில ரூபாய் ஓ-ரிங்கில் தொடங்கிய செலவு லட்சங்களில் போய் முடியும்.

நைட்ரஜன் குறைந்தால்தான் தொல்லை என்றில்லை. அதிகமானாலும் தொல்லை. செஸ்னாவில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. விமானம் தரையை விட்டு எழும்பியதும் கால் முழுவதுமாக நீண்டுவிடும். உடனே உள்ளே ஒரு பள்ளத்தில் பல் விழுந்து, சக்கரம் நேராகப் பார்த்தபடி பூட்டிக்கொள்ளும். வானத்தில் சக்கரம் கோணலாகத் திரும்பி நின்றால் இறங்கும்போது ஆபத்து அல்லவா? நைட்ரஜனை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டால், தரையில் நிற்கும்போதே கால் நீண்டு பூட்டிக்கொண்டுவிடும். தரையில் சக்கரத்தைத் திருப்பும் பெடலை விமானி எவ்வளவு மிதித்தாலும் அது திரும்பாது.

கோணலாகத் திரும்பி நின்றால் என்ன ஆகும் என்பதை 2005 செப்டம்பர் 21 அன்று உலகமே டிவியில் பார்த்தது. அது சின்ன விமானம் இல்லை, 146 பேர் இருந்த ஏர்பஸ் ஏ320. அமெரிக்காவின் பர்பேங்கிலிருந்து கிளம்பிய பிறகு, மூக்குச் சக்கரங்கள் 90 டிகிரி திரும்பி, ஓடும் திசைக்குக் குறுக்காக நிற்பது தெரிய வந்தது. விமானி எரிபொருளைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தார். அந்த விமானத்தில் சீட்டுக்குச் சீட்டு டிவி. தங்கள் விமானம் பற்றிய நேரடிச் செய்தியைப் பயணிகளே வானத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்! கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கியபோது, மூக்கை முடிந்தவரை மேலேயே வைத்திருந்து, பிறகு மெதுவாகத் தரையில் வைத்தார். டயர்கள் தேய்ந்து எரிந்தன. உலோகம் உரசித் தீப்பொறி பறந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. பரங்கிமலையிலிருந்து பார்த்தோமே, அதே பழக்கம்தான். பெரிய கால்கள் முதலில், மூக்கு கடைசியில்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நடுக்கம்.

சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி தள்ளும்போது, ஒரு முன்சக்கரம் மட்டும் ‘தடதட’வென்று இடமும் வலமும் உதறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? விமானத்தின் மூக்குச் சக்கரமும் சில சமயம் அப்படியே உதறும், விநாடிக்குப் பத்து இருபது தடவை. பெடல் வழியாக விமானியின் கால் நடுங்கும். முன்னால் இருக்கும் மீட்டர்களைப் படிக்க முடியாது. அப்படியே விட்டால் காலே உடைந்துவிடலாம். இதை ஷிம்மி என்கிறார்கள்.

இதில் ஆச்சரியம், சக்கரத்தை யாரும் ஆட்டுவதில்லை. சக்கரம் எதேச்சையாகக் கொஞ்சம் வலப்பக்கம் திரும்புகிறது. தரை அதை நேராக்கத் தள்ளுகிறது. நேராக வந்த சக்கரம் அதே வேகத்தில் இடப்பக்கம் போய்விடுகிறது. மறுபடி தரை தள்ளுகிறது. டயர் கெட்டியான இரும்பாக இருந்தால் இந்த ஆட்டம் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆனால் டயர் ரப்பர். பக்கவாட்டில் வளையும். தரையைத் தொடும் பகுதி ஒரு நொடித்துளி தாமதமாகத்தான் திரும்பும். அதனால் தள்ளலும் தாமதமாக வருகிறது. தாமதமாக வரும் தள்ளல் ஆட்டத்தை அடக்காமல் வளர்த்துவிடுகிறது. இதற்கான சக்தி எங்கிருந்து? விமானத்தின் ஓட்டத்திலிருந்தே. முன்னே ஓடும் சக்தியில் ஒரு துளி பக்கவாட்டு உதறலாக மாறிவிடுகிறது. அதனால்தான் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் தொடங்கி, வேகம் குறைந்ததும் நின்றுவிடுகிறது.

சோவியத் ரஷ்யாவில் மிஸ்திஸ்லாவ் கெல்டிஷ் என்ற கணித அறிஞர் இந்த நடுக்கத்துக்குக் கணக்குப் போட்டு 1945இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதற்காக நாட்டின் பெரிய பரிசு கிடைத்தது. பின்னாளில் அந்த நாட்டு விண்வெளித் திட்டத்தின் முக்கிய மூளைகளில் ஒருவராக இருந்தவரும் இவர்தான். தள்ளுவண்டிச் சக்கரத்தில் பார்த்த உதறலுக்கு இவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்!

நடுக்கத்தை அடக்க மூக்குக்காலில் தனியாக ஒரு டாம்பர் வைத்திருக்கிறார்கள். நாம் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிச் செய்த அதே வித்தை. விமானி மெதுவாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும், வேகமான உதறலைத் தடுக்கும். உள்ளே ஆயில் நிரப்பும்போது ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. ஏன் என்று சிரிஞ்சைக் கையில் எடுத்து நீங்களே யோசியுங்கள். பாதித் தண்ணீர், பாதிக் காற்று என்று நிரப்பி அழுத்திப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். ஆயிலே இல்லாமல், ரப்பர் வகைப் பொருளை வைத்து வேலை செய்யும் டாம்பர்களும் இப்போது வந்துவிட்டன.

விமானம் நடுங்கினால் எல்லாரும் முதலில் டாம்பரைத்தான் குற்றம் சொல்வார்கள். புது டாம்பர் வாங்கி மாட்டுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு பழைய நடுக்கம் திரும்ப வந்துவிடும். இது என்னைப் பொறுத்தவரை காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் கிருமியை விட்டுவைக்கிற வேலை. நடுக்கத்தை அடக்குவது டாம்பர். நடுக்கத்தைத் தொடங்கி வைப்பது வேறு எங்கோ இருக்கும் தளர்வு. அனுபவசாலி மெக்கானிக் அந்தத் தளர்வைத் தேடுவார்.

எப்படித் தேடுவார்? முதலில் மூக்கைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். வால் பக்கம் விமானத்தைக் கட்டிவைக்க ஒரு வளையம் இருக்கும். அதில் எடையைக் கட்டினால் மூக்கு தானாக எழும்பும். முதல் சோதனை டயருக்கு. காற்று சரியா? ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? சுற்றிவிட்டால் எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நிற்கிறதா? நின்றால் அந்த இடத்தில் எடை அதிகம், டயர் சமநிலையில் இல்லை என்று பொருள். விமான டயர் பலவற்றில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். டயரில் எடை குறைந்த இடம் அது. டியூபின் வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனம். புள்ளியை வால்வு இருக்கும் இடத்திலேயே வருமாறு வைத்து மாட்டினால் எடை சமமாகிவிடும். இதைக் கவனிக்காமல் மாட்டியதாலேயே நடுங்கும் விமானங்கள் உண்டு.

அடுத்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருகிப் பார்ப்பார். உள்குழாயும் வெளிக்குழாயும் தனித்தனியாகச் சுற்றிவிடாமல் தடுக்க, காலின் முன்பக்கமோ பின்பக்கமோ மடங்கி விரியும் இரண்டு கைகள் இருக்கும். அவை சேரும் இடங்களில் போல்ட்டைச் சுற்றி புஷ் என்ற சின்ன வளையம். அது தேய்ந்தால் ‘ஆட்டம்’ வந்துவிடும். காகிதக் கனம்தான் ஆட்டம். ஆனால் சக்கரத்தின் உதறல் தொடங்க அது போதும். கையால் திருகும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் குற்றவாளி. புது புஷ் போட்டு, இடைவெளிக்கு மெல்லிய வாஷர்கள் வைத்து, போல்ட்டை முடுக்கி, அது கழலாமல் இருக்க ஸ்ப்ளிட் பின் போடுவார்.

டயமண்ட் டிஏ40 மாதிரியான சில விமானங்களில் மூக்குச் சக்கரம் பெடலோடு இணைந்திருக்காது. இஷ்டத்துக்குத் திரும்பும். பிரேக்கை ஒரு பக்கம் மட்டும் மிதித்து விமானத்தைத் திருப்புவார்கள். அங்கே சக்கரம் திரும்புவதற்கு ஓரளவு உராய்வு வேண்டும், இல்லாவிட்டால் நடுங்கும். அதை அளக்கும் கருவி என்ன தெரியுமா? பழைய பேப்பர்காரர் கையில் தொங்குமே, அந்த வகை ஸ்பிரிங் தராசு. அச்சில் கொக்கியை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் சக்கரம் திரும்பத் தொடங்குகிறது என்று பார்த்து, நட்டை முடுக்குவார்கள்.

மூக்குக்கால் கெடுவது எல்லாம் வானத்திலிருந்து இறங்கும்போதுதான் என்று நினைக்காதீர்கள். ஹாங்கர் என்ற விமானக் கொட்டகைக்குள் விமானத்தைத் தள்ளி நிறுத்தும்போதும் கெடும். செஸ்னா 172இன் மூக்குச் சக்கரம் ஒரு பக்கத்துக்கு 30 டிகிரிதான் திரும்பலாம். இழுப்புக் கம்பியை மாட்டி அதற்கு மேல் ஒடித்தால் உள்ளே ஏதாவது உடையும். இறங்கும்போது வருவது இன்னொரு வகை. வேகம் அதிகமாக வந்து, மூக்கு முதலில் தரையில் பட்டு, விமானம் துள்ளி எழும்பும். பதறிப்போன மாணவர் மூக்கை மறுபடி அழுத்துவார். அடுத்த துள்ளல் இன்னும் உயரமாக இருக்கும். இரண்டு மூன்று துள்ளலில் கால் மடங்கிவிடும். இதற்கு மருந்து, துள்ளியதும் இன்ஜின் வேகத்தைக் கூட்டி மறுபடி எழும்பிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒழுங்காக இறங்குவதுதான். அப்படி மூக்கு இடித்த செஸ்னாவில் மெக்கானிக் காலை மட்டும் பார்க்க மாட்டார். கால் எந்தத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கிறதோ, இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே உள்ள அந்தத் தடுப்புத் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். தகடு சுருங்கியிருந்தால் வேலை பெரிது.

எல்லாம் மாட்டி முடித்தாலும் உடனே பறந்துவிட முடியாது. விமான மெக்கானிக்குக்கு மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுக்கும் லைசென்ஸ் வேண்டும். என்ன செய்தேன், எந்தப் பாகத்தை மாற்றினேன் என்று ஏட்டில் எழுதி அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி ஏறலாம். விமானி முதலில் தரையிலேயே மெதுவாக ஓட்டிப் பார்ப்பார், பிறகு கொஞ்சம் வேகமாக. நடுக்கம் தெரிந்தால் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து மூக்கின் பாரத்தைக் குறைத்து, வேகத்தைத் தணித்துத் திரும்பி வந்துவிடுவார். மெக்கானிக் மறுபடியும் டயரிலிருந்து தொடங்குவார்.

உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை கடையில் உதறும் தள்ளுவண்டி கிடைத்தால் ‘வேற வண்டி எடுப்பா’ என்று யாராவது சொல்வதற்குள், கூட்டமில்லாத வரிசையில் சோதித்துப் பாருங்கள். மெதுவாகத் தள்ளும்போது உதறுகிறதா, வேகமாகத் தள்ளும்போதா? உதறும் சக்கரத்துக்கு நேர் மேலே ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்தால் உதறல் கூடுகிறதா, குறைகிறதா? சக்கரத்தைக் கையால் அசைத்தால் ‘டொக்’ கேட்கிறதா? மூன்றுக்கும் பதிலை எழுதி அனுப்புங்கள். வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விட மறக்காதீர்கள்.